அக்கா அடைத்த குழாய்

அந்தப் பொயிலரைச் செய்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது நன்றாக ஓடியபோது அத்தான் செய்தார் என்றார்கள். நாசமாய்ப் போனபோது நான் செய்தேன் என்றார்கள். இரண்டாவதுதான் உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் என்னைக் கவிழ்த்தார்கள்.

நான் பார்க் எக்ஸ்டென்ஷனில் தனியாக இருப்பவள். வயது ஐம்பத்திரண்டு. பத்தொன்பது வருடமாக மொன்றியலில் ஒரு லோண்டரியில் ஹோட்டல் விரிப்புகளை அயன் பண்ணுகிறேன். எங்கள் மெஷின்களுக்கு நீராவி, சுவருக்குப் பின்னால் இருக்கும் பொயிலர் அறையிலிருந்து வரும். அந்தச் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி என்றே சொல்லலாம். பொயிலர் அறையைப் பார்க்கிற மனிதர் ஓய்வு பெறப் போகிறார், சான்றிதழ் எடுத்துக்கொண்டு வா, இடம் உனக்கு என்று மேலாளர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

அதற்காக வேலை முடிந்த கையோடு மாலை வகுப்புக்கு ஓடினேன். முதலில் வெல்டிங், பிறகு பொயிலர். வகுப்பெல்லாம் பிரெஞ்சு. அதனால் என் பிரெஞ்சு ஒரு கோணல் பிரெஞ்சு. டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்கி ‘மெர்சி’ சொல்வதோடு ஊர்க்கதை முடிந்துவிடும். ஆனால் குழாய், வால்வு, அழுத்தம், ஒட்டு என்று வந்தால் ஒரு சொல்லும் எனக்குத் தப்பாது.

அக்கா எனக்கு நேர்மாறு. குழந்தைகள் காப்பகத்தில் வேலை, தண்ணீர்பட்ட பாடாய்ப் பிரெஞ்சு. எனக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் டொக்டரிடம் போனாலும் அவள்தான் என் வாய். அவள் கணவர், என் அத்தான், எதையாவது தொடங்கிக்கொண்டே இருக்கிற மனிதர். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வீடு, மூன்று பிள்ளைகள், தலைக்குள் முப்பது திட்டம். அதில் கடைசித் திட்டம் பார்லிச் சாராயம். சும்மா சொல்லக்கூடாது, லைசென்ஸ் எல்லாம் முறையாக எடுத்தார். வில்லரேயில் ஒரு கராஜுக்குப் பின்னால் சின்ன இடமொன்று வாடகைக்கு எடுத்து, சந்தையில் வாங்கின பாத்திரத்தை அடுப்பில் வைத்து வடிக்கத் தொடங்கினார். பார்லிக் கூழ் ஒவ்வொரு முறையும் அடிப்பிடித்தது. வடிந்ததெல்லாம் கருகல் வாசம்.

“மச்சாள், இண்டைக்கும் போச்சு. நாலு பேர் மாறி மாறிக் கிண்டியும் அடிப்பிடிச்சுப் போச்சு” என்றார் ஒரு சனிக்கிழமை, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

“அத்தான், களி அடிப்பிடிக்கும். பிட்டு எப்பவாவது அடிப்பிடிச்சதோ?”

அவர் என்னைப் பார்த்தார். நெருப்பைக் கூழுக்குக் காட்டாதீர்கள், தண்ணீருக்குக் காட்டுங்கள், அதில் வருகிற நீராவியைக் குழாய் வழியாகக் கூழுக்குள் விடுங்கள் என்று விளக்கினேன். மனிதர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

“அப்ப அந்தப் பொயிலரை ஆர் செய்யிறது?”

“ஏன், நான் என்ன செத்துப்போனனே?”

ஏழு சனிக்கிழமைகள் அந்தக் கராஜின் பின்னால் கிடந்தேன். பழைய பியர் பீப்பாய் ஒன்று, துருப்பிடிக்காத உருக்கு. அதை வெட்டி, துளைத்து, தண்ணீர் மட்டம் தெரிய ஒரு கண்ணாடிக் குழாய் பொருத்தி, ஒட்டு ஒட்டாக வெல்டிங் செய்தேன். முடிந்ததும் காற்றை அடைத்து ஒட்டுகளின் மேல் சவர்க்காரத் தண்ணீர் பூசிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பைக் கேட்டு கராஜ்காரன் எட்டிப் பார்த்தான்.

அந்தப் பொயிலரில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு வெறும் குழாய். பீப்பாயின் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும். மேலே கூரைவரை போய், வளைந்து கீழே வந்து ஒரு வாளிக்கு மேல் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். உள்ளே அழுத்தம் கூடினால் தண்ணீர் அந்த வழியால் வாளிக்குள் கொட்டிவிடும். தண்ணீர் குறைந்து போனால் குழாயின் அடி வெளிப்பட்டு நீராவி புஸ்ஸென்று வரும். வந்தால் அடுப்பை நிறுத்து என்று அர்த்தம். ஆள் இல்லாமல் காவல் காக்கிற சாமான் அது. அதற்கு மேல் ஒரு பாதுகாப்பு வால்வும் பூட்ட வேண்டும், ஓடர் பண்ணியிருந்தேன், வரவில்லை.

“வால்வு வந்து, அரசாங்க ஆள் வந்து பாத்துக் கையெழுத்து வைக்கும்வரைக்கும் நான் இல்லாமல் மூட்டக்கூடாது. சரியோ?” என்று இரண்டு பேருக்கும் சொன்னேன்.

“ஓம், ஓம்” என்றார்கள்.

நான் நின்று இரண்டு தடவை ஓட்டிக் காட்டினேன். கருகல் வாசம் போன இடம் தெரியவில்லை. பிறகு அந்தப் பகுதிப் பத்திரிகையிலிருந்து ஒரு பிள்ளை வந்து படம் எடுத்தாள். அத்தான் பொயிலரின் மேல் கையை வைத்துக்கொண்டு, எல்லாம் என் கையால் செய்தது என்று பிரெஞ்சில் சொன்னார். நான் பக்கத்தில் நின்று வாளி கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். ஆம்பிளையளின்ர குணம் தெரியும்தானே என்று அதற்கு அர்த்தம். எனக்கும் கோபம் வந்தது, வராமல் என்ன. ஆனால் சிரித்துவிட்டு விட்டேன். அத்தான்தானே, அக்காவின் புருசன்தானே, பெருமைப்பட்டால் பட்டுவிட்டுப் போகட்டும். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு பகல் வேளை, நான் விரிப்பை மெஷினுக்குள் விட்டுக்கொண்டிருக்கிறேன், அக்காவின் தொலைபேசி. அழுகை மட்டும்தான் கேட்கிறது. ஜான்-டலோன் சந்தைக் கடைக்காரர் இருவர் ருசி பார்க்க வருகிறார்கள் என்று, எனக்கு ஒரு சொல் சொல்லாமல் பொயிலரை மூட்டியிருக்கிறார்கள். கூழுக்குப் போகிற குழாய் பூட்டுக் கழன்று பறந்து, அத்தானின் வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது. கடைக்காரர் வரமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி நடையில் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் ஒண்டு செய்துபோட்டனடி.”

“என்னக்கா?”

“அந்த வாளிக் குழாயால ஆவி புசுபுசுவெண்டு வந்துது. இவ்வளவு ஆவியும் வீணாப் போகுதேயெண்டு… சாராயப் பீப்பாய்த் தக்கையில துணியைச் சுத்தி அடிச்சு இறுக்கிப்போட்டன்.”

காவல் காக்கிற குழாயையே அடைத்துவிட்டாள். ஆனால் அவளைத் திட்ட வாய் வரவில்லை. பிட்டு அவிக்கும்போது பானைக்கும் அதன் மேல் வைக்கிற ஓலைப் பெட்டிக்கும் இடையில் ஆவி கசிந்தால் நாங்கள் என்ன செய்வோம்? ஈரத்துணியைச் சுற்றி இறுக்குவோம். ஆவியை வெளியே விடுகிறவள் சமைக்கத் தெரியாதவள். எங்கள் வீட்டுப் பெண்கள் எவளாயிருந்தாலும் அந்தக் குழாயைப் பார்த்ததும் கை துணியைத்தான் தேடியிருக்கும். பிட்டு என்று பேச்சை எடுத்ததே நான்தானே! குழாய் எதற்கு என்று அத்தானுக்கு விளக்கினேன், அக்காவுக்கு விளக்கவில்லை. அது என் பிழை. அதை இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

“அவருக்குச் சொல்லாதை. ஒருத்தருக்கும் சொல்லாதை. நான்தான் அவரைச் சுட்டனான் எண்டு காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவார். என்ர ராசாத்தியெல்லே.”

“அழாதேங்கோ. நான் ஏன் சொல்லப்போறன்?”

சொன்னது மட்டுமில்லை. அவளிடம் சாவியை வாங்கிக்கொண்டு வில்லரேக்குப் போய், தக்கையைச் சுத்தியலால் தட்டி எடுத்தேன். நீலக் கட்டம் போட்ட அடுப்படித் துணி. இரண்டையும் ஒரு பையில் போட்டு மெற்றோ வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். என்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியை என் கையாலேயே எறிந்தேன். விசரி!

அரசாங்கப் பரிசோதகர் வந்தது அடுத்த கிழமை. அமைதியான மனிதர், கையில் ஒரு அட்டை, கட்டு மட்டாகக் கேள்விகள். அத்தான் கையில் கட்டோடு ஓரமாக நின்றார். பரிசோதகர் வேகமாகப் பேசியதால் அக்காவே மொழிபெயர்க்கட்டும் என்று விட்டேன். வழக்கம் அதுதானே.

“இவர் என்ன கேக்கிறார்?”

“ஒண்டுமில்லை, ஆர் செய்ததெண்டு கேக்கிறார்.”

“நான் செய்தனானெண்டு சொல்லுங்கோ. ஒட்டெல்லாம் காத்து அடிச்சுப் பாத்தது, ஒரு பிழையும் இல்லை. பரிசோதிக்க முன்னம் மூட்டினது பிழை எண்டு சொல்லுங்கோ.”

அக்கா பரிசோதகரின் பக்கம் திரும்பினாள். மிக மென்மையாக, காப்பகத்தில் பிள்ளையின் தாயிடம் பேசுகிற குரலில் சொன்னாள். ‘மா ஸேர்’ என்றாள், என் தங்கச்சி. எங்களுக்கு இது பற்றி ஒன்றும் தெரியாது என்றாள், எல்லாம் பாதுகாப்பு என்று அவள் சொன்னதை நம்பித்தான் மூட்டினோம் என்றாள். அதுவரை அரைகுறையாய்க் காதில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு ‘மால் ஸூடே’ என்றாள்.

ஒட்டுச் சரியில்லை. வெல்டிங் பிழை.

எத்தனை மாலை அந்தச் சொல்லை ஆசிரியர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன், மற்றவர்களின் ஒட்டுகளைப் பார்த்து! என் ஒட்டைப் பார்த்து ஒரு நாளும் அவர் அதைச் சொன்னதில்லை. அக்காவுக்கு நான் ‘பொன்ஜூர், மெர்சி’ மட்டும் தெரிந்தவள். பொய் சொல்ல அவள் எடுத்த சொல், பிரெஞ்சில் எனக்கு நன்றாகத் தெரிந்த சொல்லாய்ப் போய்விட்டது.

“நோ மெஸ்யூ!” என்று கத்தினேன். ஒட்டு நல்ல ஒட்டு, அடைத்தது தக்கை என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். ‘புஷோன், புஷோன்’ என்று குழாயைக் காட்டினேன்.

எந்தத் தக்கை என்று அவர் கேட்டார். குழாயின் வாயைக் குனிந்து பார்த்தார். சுத்தமாக இருந்தது. நான்தானே சுத்தமாக்கினேன்.

“கதையாதை” என்றாள் அக்கா தமிழில், முகத்தில் சிரிப்பு மாறாமல். “நான் பாத்துக்கொள்ளுறன்.” அவரிடம் திரும்பி, தங்கச்சி பயந்து போயிருக்கிறாள், அவளை மன்னியுங்கள் என்றாள். பரிசோதகர் எழுதிக்கொண்டார்.

நான் அத்தானைப் பார்த்தேன். பத்திரிகைக்காரப் பிள்ளைக்கு, எல்லாம் என் கையால் செய்தது என்ற மனிதர், கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆற்றைக் கடக்கும்வரைதான் அண்ணன் தம்பி என்று சும்மாவா சொன்னார்கள்?

அறிக்கை வந்தது. செய்தவர் என்ற இடத்தில் என் பெயர், காரணம் என்ற இடத்தில் என் ஒட்டு. அத்தானுக்கு எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிற்று, லைசென்ஸ் தப்பியது, இப்போது கடையில் வாங்கின பொயிலர் ஓடுகிறது. நான் அறிக்கையைக் கொண்டுபோய் மேலாளரிடம் நானே காட்டினேன். எப்படியும் தெரியவரும், என் வாயால் தெரியட்டும். நடந்ததைச் சொன்னேன். அவர் இரண்டு தடவை வாசித்துவிட்டு, பிறகு பார்க்கலாம் என்றார். ஒரு மாதத்தில் பொயிலர் அறைக்கு வேறொருவர் வந்தார். எனக்கு நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நான் சுவரின் இந்தப் பக்கம் விரிப்புகளோடு நிற்கிறேன்.

அக்காவின் தொலைபேசி அழைப்புகளை நான் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில், தமிழ்ப் பூசையில் என் பக்கத்தில் வந்து நின்றாள். எழும்பி வேறு இடம் போயிருக்கலாம். போகவில்லை, என்னதான் சொல்லுகிறாள் பார்ப்போம் என்றிருந்தேன். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொன்னார் சுவாமி. கோயில் முழுக்கக் கைகள் குவிந்தன. அக்கா என் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள்.

“சமாதானம்.”

“ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?” என்றேன்.

அவள் கூப்பிய கையை இறக்காமல், சுற்றிவர ஒருதரம் பார்த்துவிட்டு, மெல்லச் சொன்னாள்.

“நாங்கள் அடைச்சது எண்டு தெரிஞ்சால் அவற்ற லைசென்ஸ் போயிருக்கும். எனக்கு மூண்டு பிள்ளையளடி. நீ தனிச் சீவன், உனக்கென்ன? நீ எங்க போனாலும் அயன் பண்ணிப் பிழைப்பாய்.”

அவள் குரலில் குத்தலே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. ஆஸ்பத்திரி நடையில் என் தோளில் அழுதபோதே கணக்குப் பார்த்திருக்கிறாளோ என்று அதுவரை யோசித்துத் தவித்தேன். இல்லை, அவள் கணக்கே பார்க்கவில்லை. என்னிடம் இழக்க ஏதாவது இருக்கிறது என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதேயில்லை.

“நான் பொயிலர் செய்யிறனான் அக்கா” என்றேன்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முன் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அக்கா வெட்கத்தில் குனிந்துகொண்டாள், அவளுடைய கை இன்னும் என்னை நோக்கிக் கூப்பியபடியே இருந்தது. நான் கைகூப்பவில்லை.