மினிட்ஸில் ஒரு ‘ஏளனமாக’

வாசகசாலைக் கமிட்டியின் கூட்டக் குறிப்பெழுதும் மினிட்ஸ் புத்தகம் என் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தது. ‘தலைவர் கூறினார்.’ ‘உறுப்பினர் ஒருவர் கூறினார்.’ ‘மற்றொருவர் கருத்துத் தெரிவித்தார்.’ இத்தனை வருஷமாக எங்கள் ஊர்க்காரர்கள் கூறிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். ஒருத்தர்கூடக் கத்தவில்லை, முனகவில்லை, மேஜையில் அடிக்கவில்லை. எங்கள் ஊரைத் தெரிந்த யாரும் இதை நம்பமாட்டார்கள்.

ஊர், கேரள எல்லைக்குள், பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகிற வழியில். வாசகசாலையில் மலையாளப் புத்தகங்கள்தான் அதிகம், தமிழுக்கு இரண்டே அலமாரி. ஆனால் மினிட்ஸ் மட்டும் ஆரம்பத்திலிருந்தே தமிழில்தான் எழுதுவார்கள். தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்ற பெயரில் வீட்டில் இருப்புக்கொள்ளாமல் திரிந்த என்னைப் பிடித்து செக்ரட்டரி ஆக்கினார்கள். இனி இந்தப் புத்தகத்தை வாசித்தால் கூட்டமே கண்முன் வரவேண்டும் என்று எனக்குள் ஒரு சபதம்.

அந்த மாதக் கூட்டத்தில் நானே ஒரு யோசனை சொன்னேன். தொழிலுறப்பு என்கிற நூறுநாள் வேலைக்குப் போகிற பெண்கள் பகலெல்லாம் காடு செதுக்கி, வாய்க்கால் வெட்டிவிட்டு ஐந்து மணிக்கு வீடு திரும்புகிறார்கள். செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் ஐந்தரையிலிருந்து ஏழுவரை வாசகசாலையை அவர்களுக்கென்று திறந்து வைக்கலாமே என்றேன். ஒரு மாதமாக வீடு வீடாகப் போய்ப் பேசியிருந்தேன். பாதிப் பேர் வருகிறோம் என்றிருந்தார்கள், தூரத்து மலையடிவாரத்தில் இருப்பவர்கள் உட்பட.

பிரசிடென்ட் ஓய்வுபெற்ற தபால்காரர், காது கொஞ்சம் மந்தம். ‘போவார்கள்’ என்பதற்கு எங்கள் பக்கத்தில் ‘போவினும்’. அவர் கேட்டார்: “மலையடியில உள்ளவிய எப்படித் திரும்பிப் போவினும்? கடைசி பஸ்ஸு ஆறேகாலுக்கு இல்லியா?”

அப்போதுதான் ஜன்னலோரம் இருந்த ஆட்டோக்கார அண்ணன் வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு சொன்னார்:

“ஓ, வருவினும். குளிச்சு, பொட்டு தொட்டு, வரிசையில வந்து நிப்பினும்.”

எல்லாரும் சிரித்தார்கள். பால் இல்லாத கட்டன்சாயா வந்தது. நான் சிரிக்கவில்லை. குனிந்து எழுதத் தொடங்கினேன். ‘என்று’ வரைக்கும் கை தடங்கலில்லாமல் வந்தது. அதற்குப் பிறகு எந்தச் சொல்லைப் போடுவது? கிண்டலாக? லேசாகப் பட்டது. நக்கலாக? மினிட்ஸுக்கு ஆகாது. எகத்தாளமாக? எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் அந்தக் கோணின வாய்க்குக் கொஞ்சம் அதிகம். இளக்காரமாக? ஓரத்தில் பென்சிலால் ஒவ்வொன்றையும் எழுதிப் பார்த்தேன். கடைசியில் ‘ஏளனமாகக் கூறினார்’ என்று மையால் எழுதி நிமிர்ந்தபோது பிரசிடென்ட், “அப்பம் அத அடுத்த கூட்டத்துல பாப்போம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ‘முடிவு எட்டப்படவில்லை’ என்று எழுதி அடியில் கோடு போட்டேன். நல்ல மினிட்ஸ் என்று அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த மாதம் கூட்டம் கூடியது. எங்கள் வழக்கம் இது: போன கூட்டத்து மினிட்ஸை செக்ரட்டரி உரக்க வாசிக்கவேண்டும், எல்லாரும் “பாஸ்” என்று சொன்னபிறகுதான் மற்றது. அடித்தல் திருத்தல் கூடாது. பிழை இருந்தால் அதை அடுத்த மினிட்ஸில்தான் எழுதவேண்டும். நான் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். அண்ணன் சொன்ன இடம் வந்ததும் குரலையும் கொஞ்சம் கோணினேன் என்றுதான் நினைக்கிறேன்.

யாரும் பாஸ் சொல்லவில்லை.

“அத ஒண்ணுகூடி வாசி மக்கா” என்றார் அண்ணன்.

வாசித்தேன். இந்த இரண்டாவது முறை குரல் தானாகவே தாழ்ந்துவிட்டது.

“ஏளனமாட்டு. மலையாளத்துல புச்சம். அதானே?”

“எலே, பின்ன நீ பக்தியாட்டா சொன்ன?” என்று பின்னாலிருந்து ஒருத்தர் கேட்டார். சிரிப்பு எழுந்தது. அண்ணன் சிரிக்கவில்லை.

“நான் சொன்னதுல பாதிதான் இதுல கெடக்கு. மத்த பாதி எங்க?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்தப் பாதி அண்ணா?”

“வண்டி நான் விடுதேன்னு சொன்னேனே. ஏழு மணிக்கு வந்து மலையடியில கொண்டு விடுதேன்னு. அது எங்க?”

அவர் பக்கத்தில் இருந்த அங்கன்வாடி டீச்சரைப் பார்த்தேன். கமிட்டியில் என்னைத் தவிர அவர் ஒருவர்தான் பெண்.

“சொன்னாரு மக்கா” என்றார் டீச்சர். “சிரிச்ச சத்தத்துல பிரசிடென்டுக்கு கேக்கல்ல. நீ அப்பம் குனிஞ்சு என்னமோ எழுதீட்டிருந்த. இதத்தான் எழுதுதன்னு நான் நெனச்சேன்.”

ஓரத்தில் பென்சில் எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது. கிண்டலாக, நக்கலாக, எகத்தாளமாக, இளக்காரமாக. நாலு சொல்லையும் நான் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஒரு மனிதர் தன் வண்டியைத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அண்ணன் எழுந்துவிட்டார். “எங்க வீட்டுக்காரியும் தொழிலுறப்புக்குப் போறவதான். ஒரு மாசமா தெனமும் கேக்கா, எப்பம் தொறப்பினும் எப்பம் தொறப்பினும்னு. அவ இங்க வந்து மொதல்ல வாசிக்கப்போறது இதையாக்கும். செரி, வாசிக்கட்டு. இனி நான் இங்க இல்ல.”

அவர் போனால் வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் மலையடிப் பெண்கள் இல்லை. வருகிறோம் என்று சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் மலையடிக்காரர்கள். இதெல்லாம் அப்புறம் யோசித்தது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது, அவர் செருப்பை மாட்டுவதற்குள் ஏதாவது செய்யவேண்டும் என்பதுதான்.

“அண்ணா, தப்பு என்மேலயாக்கும். அந்தச் சொல்ல இப்பமே அடிச்சிருதேன்.”

“அடிக்கப்பிடாது” என்றார் பிரசிடென்ட். இது மட்டும் அவர் காதில் சரியாக விழுந்துவிட்டது.

“அப்பம், அந்தச் சொல்ல நீக்கணும்னு இன்னைக்கு மினிட்ஸுல எழுதுதேன். இப்பமே, இங்கேயே.”

அண்ணன் ஒரு காலில் செருப்போடு வாசலில் நின்றார். வெளியே அவர் வண்டியின் கண்ணாடியில் பலாச்சருகு ஒன்று விழுந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அத நீக்கண்டாம். நான் அப்படித்தான் சொன்னேன். எனக்க நாக்கு அப்படி. மத்ததையும் எழுது, அது போதும்.”

எழுதினேன். ‘சென்ற கூட்டத்தில், மலையடிப் பெண்களைத் தமது ஆட்டோவில் ஏழு மணிக்கு வீட்டில் கொண்டுவிடுவதாகவும் அதே உறுப்பினர்…’ என்று வந்ததும் பேனா பழைய இடத்தில் நின்றது. பெருந்தன்மையாக? மனமுவந்து? ஏழெட்டுப் பேர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘கூறினார்’ என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தேன். ‘இது செக்ரட்டரியின் கவனக்குறைவால் விடுபட்டது’ என்று அடுத்த வரியையும் எழுதி, இரண்டையும் வாசித்தேன்.

“பாஸ்” என்றார் டீச்சர். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

“பாஸ்.”

அன்றைக்கே தீர்மானமும் ஆனது.

முதல் செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு ஆட்டோ வந்து நின்றது. நாலு பேர் நெருக்கியடித்து இறங்கினார்கள். ஈரத் தலைமுடி, நெற்றியில் பொட்டு. அண்ணன் ஹேண்டிலைப் பிடித்தபடியே என்னைப் பார்த்து வாயைக் கோணினார். “எண்ணிக்கோ மக்கா. வரிசை.”

கடைசியாக இறங்கியவர் அவர் மனைவி. கையில் மண்வெட்டி பிடித்த காய்ப்பு. அலமாரிப் பக்கம் போகாமல் நேராக என் மேஜைக்கு வந்தார்.

“அந்த மினிட்ஸு புக்கு ஏதாக்கும்?”

நான் வாசலைப் பார்த்தேன். அண்ணன் கீழே இறங்கி, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தில் ‘ஏளனமாக’ இருந்த பக்கத்தைத் திறந்து நீட்டினேன். அக்கா நின்றவாக்கிலேயே விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக அந்தப் பக்கத்தை வாசித்தார். பக்கத்தைத் திருப்பி அடுத்ததையும் வாசித்தார்.

“ரெண்டும் செரிதான்” என்று வாசலைப் பார்த்துச் சொன்னார்.

துணி கண்ணாடியில் நின்றது. பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தமும், அதற்கு மேலே அண்ணன் குரலும் கேட்டன.

“ஏழு மணிக்கு வாறேன்.”