ஒன்பதாம் வகுப்புத் தேர்தலில் என் ஆட்சேபணை

நான் ஒரே ஒரு தேர்தலில்தான் நின்றிருக்கிறேன். அதில் போட்டியின்றி வெற்றியும் பெற்றேன். இதைச் சொன்னால் கேட்பவர்கள் என்னைக் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பார்கள். போட்டி எப்படி இல்லாமல் போனது என்பதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதை ஒரு நாடு என்போம். எடப்புளி நாட்டில் இருந்த எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். அந்த வருடம் சமூக அறிவியலுக்குப் புது டீச்சர் வந்தார். கன்னியாகுமரிப் பக்கத்துக்காரர். எங்களுக்கு வியர்க்கிற வெயிலில்கூட ஸ்வெட்டர் போட்டு, அதன் மேல் சேலைத் தலைப்பையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு வருவார். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் "மக்களே" என்றார். நாங்கள் சிரித்துவிட்டோம். எங்களுக்குத் தெரிந்து ஓட்டுக் கேட்க ஜீப்பில் வருகிறவர்கள்தான் அப்படி அழைப்பார்கள். அவர் ஊரில் பிள்ளைகளைக் கூப்பிடுவதே அப்படித்தான் என்று எங்களுக்குத் தெரிய ஒரு மாதமானது. அதற்குள், குடிமையியல் நடத்துகிறவர் என்பதால் பாடத்துக்குப் பொருத்தமாகத்தான் கூப்பிடுகிறார் என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம்.

அதுவரை குடிமையியல் என்றால் புத்தகத்தின் கடைசியில் கிடக்கும் நாலைந்து பாடங்கள். பரீட்சைக்கு முந்தின வாரம் கோடு போட்டுக்கொண்டு மனப்பாடம் செய்வோம். இந்த டீச்சர் புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து திறந்தார்.

திறந்த அன்றே என் அத்தை மகளைக் கண்டுபிடித்தும் விட்டார்.

அத்தை மகள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அத்தை இறந்து, அவள் அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்ட பிறகு, அவள் ஐந்தாம் வகுப்பு முடித்ததும் அப்பா போய் அழைத்துவந்தார். ஒரு துணிக்கடைப் பையும் ஒரு ஜோடி செருப்புமாக வந்து இறங்கினாள். என்னைவிட ஐந்து மாதம் பெரியவள். அதுவரை நான் வீட்டுக்கு ஒரே மகள். வந்த அன்று அம்மா என் பாயில் அவளுக்கும் இடம் போட்டபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சில நாளில் போய்விடுவாள் என்று நினைத்திருந்தேன்.

அவள் போகவில்லை. என் வகுப்பிலேயே சேர்ந்தாள். அவள் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். என்னுடையது எறும்பு மை மிதித்துப் போனது போல என்று என் அம்மாவே சொல்வாள். அப்பா என்னைக் "கண்ணு" என்பார், அவளைச் "சாமி" என்பார். எது உசத்தி என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். குச்சிக்கிழங்குக் காட்டில் வேலை முடிந்து வரும்போது அப்பா ஒரு கொய்யாப்பழம் கொண்டுவந்தால், பாதியை எனக்கும் பாதியை அவளுக்கும் கொடுப்பார். பெரிய பாதி எது என்று பார்க்கத் தெரியாதவர் அவர். நான் பார்ப்பேன். அவள் பார்க்கவே மாட்டாள், கொடுத்ததை வாங்கிக்கொள்வாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

டீச்சர் வந்த பிறகு அது தீப்பிடித்துக்கொண்டது. அரசியலமைப்பின் முகப்புரையைச் சார்ட்டில் எழுத அவள்தான். அடிப்படை உரிமைகள் ஆறையும் நிறுத்தாமல் சொல்ல அவள்தான். ஒருநாள் டீச்சர், "குடிமகன்னா யாரு மக்களே?" என்று கேட்டார். புத்தகத்தில் இருந்ததை நான் எழுந்து ஒப்பித்தேன். டீச்சர் தலையாட்டினார். அத்தை மகள் எழுந்து, "நம்ம பேரு ஏதாவது ஒரு லிஸ்டுல இருக்கோணுங்க டீச்சர். அப்பத்தான் நம்மள கணக்குல எடுப்பாங்க" என்றாள். டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். புத்தகத்தில் இல்லாத விடைக்கு இவ்வளவு பார்வையா என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஆகஸ்டில் தேர்தல் பாடம் வந்தது. பாடத்தைப் படிக்க வேண்டாம், நடத்திப் பார்க்கலாம் என்றார் டீச்சர். வகுப்புக்கு ஒரு முதலமைச்சர் தேவை. வருகைப் பதிவேட்டைப் பார்த்து வாக்காளர் பட்டியல் எழுதிக் கதவில் ஒட்டினார். பிஸ்கட் அட்டைப் பெட்டியில் துளை போட்டு வாக்குப்பெட்டி செய்தார். விரலில் வைக்க ஊதா மைப் புட்டி ஒன்றையும் மேஜையில் வைத்தார். அந்தப் புட்டியைப் பார்த்தே வகுப்பு முழுக்க ஜனநாயகத்தில் விழுந்துவிட்டது.

அத்தை மகளை எல்லோரும் சேர்ந்து நிற்கச் சொன்னார்கள். என்னை யாரும் சொல்லவில்லை. நானே நின்றேன்.

வேட்புமனு வாங்கிய பிறகு டீச்சர் சொன்னார்: "நாளைக்குப் பரிசீலனை. எந்த வேட்பாளர் மேலயாவது யாருக்காவது ஆட்சேபணை உண்டுன்னா, எழுத்துல குடுக்கணும். சும்மா இல்ல, ஆதாரத்தோட."

ஆதாரம் எங்கே இருக்கிறது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு ரேஷன் கார்டு. அப்போதெல்லாம் அது புத்தகம் மாதிரி இருக்கும், வருடா வருடம் உள்தாள் ஒட்டுவார்கள். அப்பா அதை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருப்பார். அதில் மூன்று பேர்தான் இருந்தார்கள். அப்பா, அம்மா, நான். ரேஷன் வாங்க அம்மாவோடு போகும்போதெல்லாம் என் பெயரை எழுத்துக் கூட்டிப் பார்த்திருக்கிறேன். அத்தை மகளின் பெயர் இல்லை என்பதை அதற்கு முன் நான் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. அன்று அது எனக்குக் கிடைத்த புதையலாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரம் கார்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவளும் நானும் எப்போதும்போல ஒன்றாகத்தான் நடந்தோம். வழியில் மிளகுக் கொடி படர்ந்த மரத்தடியில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. அவள் தன் தாவணியிலிருந்த ஊக்கைக் கழற்றி அதைக் குத்திக் கொடுத்தாள். நான் அதை வாங்கி மாட்டிக்கொண்டு நடந்தேன்.

பரிசீலனை தொடங்கியது. டீச்சர் தேர்தல் அதிகாரி போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "ஆட்சேபணை உண்டா மக்களே?" என்று கேட்டார். நான் எழுந்து போய்த் தாளையும் கார்டையும் மேஜையில் வைத்தேன். ஆட்சேபணையைச் சபையில் உரக்க வாசிக்க வேண்டும் என்பது அவரே வைத்த விதி. வாசித்தார்.

"பெருமதிப்பிற்குரிய தேர்தல் அதிகாரி அவர்களுக்கு. மேற்படி வேட்பாளர் எங்கள் நாட்டைச் சேர்ந்தவர் அல்ல. அவர் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார். ஆனால் எங்கள் கார்டில் அவர் பெயர்..."

அங்கே நிறுத்திவிட்டார். மீதி என்ன என்று வகுப்புக்குத் தெரிந்துவிட்டது. கடைசிப் பெஞ்சில் யாரோ "ச்சே" என்றார்கள். டீச்சர் கார்டைத் திறந்து பார்த்தார். மூடினார். பிறகு, என்னைப் பார்க்காமலேயே, "நம்ம தேர்தலுக்கு வருகைப் பதிவேடுதான் பட்டியல். அதுல பேரு இருக்கு. ஆட்சேபணை தள்ளுபடி" என்றார்.

நான் உட்காரப் போனேன். அதற்குள் டீச்சர் அவளிடம் மெல்லக் கேட்டார். "உன் பேரு எந்தக் கார்டுல இருக்கு பிள்ளே?"

அவள் எழுந்து நின்றாள். "எதுலயும் இல்லீங்க டீச்சர்."

"உங்க அப்பா கார்டுல?"

"அது புதுக் கார்டுங்க. அதுல அவங்க மட்டுந்தான்."

இதை அவள் அழாமல் சொன்னாள். அழுதிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும், நானும் அழுது சமாதானமாகியிருப்பேன். பிறகு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, அந்த அச்சடித்த எழுத்தில் இரண்டு வரி எழுதி மேஜையில் வைத்தாள். வேட்புமனுவை வாபஸ் பெறுகிறாளாம்.

"எதுக்கு? நீ நிக்கலாம்னு சொல்லியாச்சே" என்றார் டீச்சர்.

"பரவால்லீங்க டீச்சர். அவளே நிக்கட்டுங்க."

விதிப்படி நான் வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. யாரும் கை தட்டவில்லை. முன்பெஞ்சுப் பையன் ஒருவன்தான் எழுந்து, "அப்ப மை வெக்க மாட்டீங்களா டீச்சர்?" என்று கேட்டான். ஓட்டுப் போடவே வேண்டியதில்லை என்றதும், வகுப்பே என்னைத் தங்கள் விரலிலிருந்து மையைத் திருடியவளாகப் பார்த்தது. முதலமைச்சர் என்று எழுதிய அட்டையை நானே சட்டையில் குத்திக்கொண்டேன். அந்த வருடம் முழுக்க என் ஆட்சியில் நடந்தது கரும்பலகை துடைப்பது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் டீச்சர் எங்களோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா கருப்பட்டிக் காப்பி போட்டாள். டீச்சர் கார்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பத்தாம் வகுப்பு வந்தா சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் கேப்பாங்க. கார்டுலயே பேரில்லாத பிள்ளைக்கு யாரு குடுப்பா? நல்லாப் படிக்கிற பிள்ளை. படிப்பு அங்கயே நின்னு போயிரும்."

டீச்சர் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். முதுகைத் தயாராக வைத்துக்கொண்டு போனேன்.

"கார்டை நீயா எடுத்துட்டுப் போன, கண்ணு?"

"ஆமாங்க."

"நல்லவேள. மூணு வருசமா நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப்போட்டுட்டே இருந்தேன்."

அடித்திருக்கலாம். அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து, "உனக்கு நாங்க என்ன கொற வெச்சோம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. கொய்யாப்பழத்திலிருந்து தொடங்கிச் சொல்லியிருப்பேன். அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அதன் பிறகு நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கிழங்கு பிடுங்குகிற நேரத்தில் அப்பா வேலையைப் போட்டுவிட்டு அவளை அழைத்துக்கொண்டு அலைய ஆரம்பித்தார். செம்மேட்டு ஸ்டுடியோவில் அவளுக்குத் தனியாகப் போட்டோ எடுத்தார்கள். அதுவரை நான் தனியாகப் போட்டோ எடுத்துக்கொண்டதே இல்லை. பிறகு மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி நாமக்கல் ஆபீஸுக்குப் போனார்கள். அவளுடைய அப்பா ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்று ஆபீஸில் சொன்னார்களாம். அதற்காக இன்னொரு நாள் அவர் இருந்த பேளுக்குறிச்சிக்குப் போனார்கள். பெயர் சேர்த்த கார்டை வாங்க மறுபடியும் நாமக்கல். மூன்று முறை பஸ். நான் ஆட்சேபணை எழுதியதில் அவளுக்கு மூன்று ஊர்வலம் கிடைத்தது. முதலமைச்சரான நான் வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

அதிலும் பேளுக்குறிச்சிப் பயணம்தான் என்னை எரித்துவிட்டது. அன்று அங்கே சந்தை. அவர்கள் திரும்பி வந்ததும் வாசலிலேயே அவளை மடக்கினேன்.

"என்ன வாங்கித் தின்னீங்க?"

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அப்பாவை ஒருமுறை பார்த்தாள். "பரோட்டா" என்றாள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பரோட்டா என்பது அந்தக் காலத்தில் சாமானியமான சொல் இல்லை. எத்தனை என்று கேட்டேன். நாலு என்றாள். குழம்பு ஊற்றினார்களா என்று கேட்டேன். வாளியில் கொண்டுவந்து வேண்டுமட்டும் ஊற்றினார்கள் என்றாள். பிய்த்துப் போட்டார்களா, முழுசாகவா, வாழை இலையிலா தட்டிலா என்று கேட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். அப்பா பின்னால் போய்க் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் இரண்டு நாள் அவர்கள் இருவரோடும் பேசவில்லை.

கல்லூரி முடித்த வருடம் அப்பாவோடு ராசிபுரம் போக வேண்டியிருந்தது. பஸ் பேளுக்குறிச்சியில் நின்றது. சந்தை மைதானத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே அப்பா தானாகச் சொல்ல ஆரம்பித்தார்.

கார்டுக்காகக் கடிதம் வாங்க வந்த அன்று அத்தை மகளின் அப்பா இங்கேதான் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தாராம். வீட்டுக்கு வாங்க என்று கூப்பிடவில்லை. புளி மூட்டை மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவருடைய இரண்டாவது மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு அங்கே வந்து, யார் இவர்கள் என்று கேட்டிருக்கிறாள். அதற்கு அவர், "மலையிலருந்து வந்திருக்காங்க. தெரிஞ்சவங்க" என்றாராம். மகள் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பறம் ஓட்டலுக்குக் கூப்பிட்டேன். வேண்டான்னுட்டா. பச்சத் தண்ணிகூடக் குடிக்கல. பஸ்ஸு பாதி மல ஏறினதுக்கப்பறந்தான் வாயத் தொறந்தா" என்றார் அப்பா.

"என்ன சொன்னா?"

"ஊட்டுக்குப் போனா அவ கேப்பாங்க மாமா. பரோட்டா தின்னோம்னு சொல்லிக்கலாங்களான்னு கேட்டா. செரி சாமின்னேன்."

பஸ் கிளம்பிவிட்டது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் பொறாமைப்பட்டால் அவளால் தாங்கிக்கொள்ள முடிந்தது. பாவம் என்று பார்த்தால் தாங்கியிருக்க மாட்டாள். பதினான்கு வயதில் அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அன்று வாசலில் அவள் நாலு என்று சொன்னபோது, எனக்கு ஒன்றாவது கட்டி வாங்கி வந்திருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன்.