சுட்லாமுட்டூ

புனே பக்கத்துத் தேகு ரோட்டுத் தமிழர்களிடம் பவுன் வீடு எது என்று கேட்டால், "எந்தப் பவுனு? பேய்ப் பவுனா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேலிதான், ஆனால் அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும். அந்த வட்டாரத்தில் டிவியில் முகம் காட்டிய ஒரே ஆள் அவள். முகம் என்று சொல்வதுகூடத் தப்பு. அவள் முகத்தை எவன் பார்த்தான்? நெற்றியில் கொம்பும் கன்னத்தில் செதிலும் வைத்த பச்சை ரப்பர் முகமூடியைத்தான் நாடு பார்த்தது.

பிம்ப்ரியில் மூடிக் கிடந்த ஒரு தொழிற்சாலைக் கொட்டகையில் 'சூன்யலோக்' என்ற இந்தித் தொடரை எடுத்தார்கள். பெயரைக் கேட்டதுமே, "சூனியம் வச்ச லோகமா? வெளங்கினாப்லதான்" என்றாள் பவுன். விண்வெளிக் கப்பல், கிரகத்துக்குக் கிரகம் சண்டை, அட்டையில் செய்து வெள்ளிப் பேப்பர் ஒட்டிய துப்பாக்கி. இருபது வருஷம் தாண்டியும் நடிகர்களை மாற்றி மாற்றி அதை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தொடங்கிய காலத்தில் கூட்டத்தில் நிற்க ஆள் போதாமல் தேகு ரோட்டிலிருந்து பெண்களை வேனில் ஏற்றிப் போனார்கள். ராணுவக் கிடங்கில் வேலை பார்த்த புருஷன் சுப்பையா, "போயிட்டுத்தான் வாயேன்" என்றான். அவளும் போனாள்.

அங்கே ஒரு நாள் மத்தியானச் சோற்றில் கல் கடித்தது. பவுன் பரிமாறியவனைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே, இது சோறா, சல்லியா? ஒங்க வீட்லயும் இதத்தான் திங்கியளா?" அவள் போட்ட சத்தத்தில் டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்து ஓடிவந்தார். வேலை போச்சு என்று மற்றப் பெண்கள் நினைத்தார்கள். அவரோ, தம்ரா கிரகத்து அரக்கர்கள் பேச இந்த மாதிரி ஒரு பாஷையைத்தான் இத்தனை நாளாகத் தேடினேன் என்று இந்தியில் கூத்தாடினார். அன்றைக்கே அவளை அரக்கர்களின் ராணி ஆக்கிவிட்டார். திருநெல்வேலித் தமிழ் வேற்றுக் கிரகத்துக்குப் போன கதை இதுதான்.

பவுனுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. கதாநாயகனைச் சபிக்கச் சொன்னால் ரேஷன் கடைக்காரனை நினைத்துக்கொண்டு திட்டுவாள். போர் முழக்கம் செய்யச் சொன்னால், தண்ணி லாரி வந்துட்டு, குடத்தை எடு என்று கத்துவாள். அதைக் கேட்டு விண்வெளி வீரர்கள் எல்லாம் நடுங்குவார்கள்.

பிறகு பையன் செத்துப்போனான். தவழத் தொடங்கியிருந்த பிள்ளை. சுப்பையாவின் அப்பா பெயரை வைத்து, சுடலைமுத்து என்று கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. பவுன் அப்போது மறுபடி உண்டாகியிருந்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒப்பாரி வைத்தால் உள்ளே இருப்பதும் தங்காது என்று மாமியார் அவள் வாயைப் பொத்தினாள். அக்கம்பக்கம் எல்லாம் அழுதது, பெற்றவள் மட்டும் அழவில்லை. சுப்பையா அதன்பின் அந்தப் பெயரையே வாயில் எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வேலைக்குப் போனவளிடம், போரில் ராணியின் மகன் செத்துவிட்டான், அழு என்றார் டைரக்டர். அவருக்கு எதுவும் தெரியாது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. பவுன் முகமூடியை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இங்கே யாருக்கும் பாஷை புரியாது, யாருக்கும் முகம் தெரியாது, வாயைப் பொத்த மாமியாரும் இல்லை. மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"கட்டின தொட்டில் அவுக்கலயே, சுடலமுத்து,
காச்சின பாலு ஆறலயே, சுடலமுத்து…"

முடிந்ததும் கொட்டகையே கைதட்டியது. பவுன் முகமூடியைக் கழற்றக்கூட நேரமில்லாமல் அதற்குள்ளேயே வாந்தி எடுத்தாள். பிறகு அந்தப் பக்கம் அவள் போகவில்லை. வயிற்றில் இருந்தது காவ்யாவாகப் பிறந்து, வளர்ந்து, இப்போது கம்பெனி வண்டியில் வேலைக்குப் போய் வருகிறது. இப்படி ஒரு அண்ணன் இருந்தான் என்பதே அதற்குத் தெரியாது.

போன வருஷம் கணபதி ஊர்வலத்தில்தான் வினை வந்தது. எவனோ ஒரு புண்ணியவான் அந்த அழுகையை வெட்டி எடுத்து, டமடம என்று தாளம் போட்டுப் பாட்டாக்கி இணையத்தில் விட்டிருந்தான். டிஜே லாரி தெருவுக்குள் நுழைந்தபோது பவுனின் காதில் பவுனின் குரலே விழுந்தது. "காச்னா பாலூ ஆர்லயே, சுட்லாமுட்டூ!" என்று பையன்கள் இடுப்பை ஆட்டிக்கொண்டு போனார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த சுப்பையா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"அந்தப் பேர நீதான அங்க கொண்டு போயி விட்ட? நீயே போயி எடுத்துட்டு வா" என்றான்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை எதை வைத்து மூடுவது? பவுன் மாதக்கணக்காக அந்தச் சொல்லை நெஞ்சில் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் ஸ்ரீவத்சன் வந்தான். சென்னைக்காரன், ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேர் வேலை. வாசலிலேயே விழுந்து கும்பிட்டான். சூன்யலோக் ரசிகர்கள் எல்லாம் கூடி ஒரு ஓட்டலில் மாநாடு நடத்துகிறார்களாம், அதை நடத்துவதில் இவனும் ஒருவனாம், தம்ரா ராணி நேரில் வர வேண்டுமாம்.

"மேடையில ஏத்துவியளா? பேச விடுவியளா?" என்று கேட்டாள் பவுன்.

"நீங்க பேசறதைக் கேக்கத்தாம்மா எல்லாரும் வராங்க."

எடுத்துட்டு வா என்று சுப்பையா சொன்னதை எங்கே போய் எடுப்பது என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, குறித்த நாளில் அவன் காரில் ஏறினாள்.

"அம்மா, ஒரே ஒரு ரிக்வெஸ்ட்" என்றான் ஸ்ரீவத்சன், நெரிசலில் வண்டி நின்றபோது. "இது தமிழ்னு மட்டும் சொல்லிடாதீங்க. நிறைய பேர் அது தம்ரி பாஷைன்னே நம்பிட்டிருக்காங்க. தெரிஞ்சா அந்த ஃபீல் போயிடும்."

"ஒனக்குத் தெரியும்லா? நீ தமிழன்தான? அந்த அழுக என்னதுன்னு ஒனக்கு வெளங்கலயா?"

"புரியும்மா. பால், தொட்டில்னு… யாரோ காமெடியா எழுதிக் கொடுத்திருக்காங்கன்னு நினைச்சேன்."

"அது எம் புள்ள பேரு தம்பி. செத்துப்போன புள்ள. அந்தப் பேரச் சொல்லாதியன்னு கேக்கத்தான் வாரேன்."

சாரிம்மா என்றான். வண்டி நகர்ந்ததும், "ஆனா இதை மேடைல சொன்னா ரொம்ப சோகமாயிடும்மா. எல்லாரும் ஜாலி மூட்ல இருப்பாங்க" என்றான். பவுனுக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே அருவருப்பாக இருந்தது. ஜன்னல் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள்.

ஓட்டல் மண்டபம் ரப்பர் நாற்றமும் வியர்வை நாற்றமும் பீர் நாற்றமுமாக இருந்தது. ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் ஓட்டுகிற ஆட்கள் தொந்தி பிதுங்க வெள்ளிச் சட்டை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். பெண்கள் பச்சைச் சாயத்தை முகத்தில் அப்பியிருந்தார்கள், அது வழிந்து கழுத்தில் கோடு கோடாக இறங்கியது. கிளாசும் கிளாசும் முட்டும்போதெல்லாம், "சுட்லாமுட்டூ!" தம்ரி பாஷையில் அதற்கு வெற்றி என்று அர்த்தமாம். பனியனில் அந்தப் பெயர், தொப்பியில் அந்தப் பெயர், ஒருத்தன் பின்பக்கத்தில் உட்காருகிற இடத்தில்கூட அந்தப் பெயர். ஒரு பெண் பவுனின் கையைப் பிடித்துக்கொண்டு போனில் படம் காட்டினாள். கொழுகொழு என்று ஒரு நாய்க்குட்டி. "இவன் பெயர் சுட்லாமுட்டூ" என்றாள் பாசமாக. பவுன் கையை உருவிக்கொண்டாள். இத்தனை வருஷம் புருஷன் வாய் திறந்து சொல்லாத பெயரை இந்தப் பச்சை மூஞ்சிகள் எச்சில் பண்ணிக்கொண்டிருந்தன.

மேடைக்குக் கூப்பிட்டார்கள். ரீனா என்று ஒருத்தி மைக்கை வைத்துக்கொண்டு அறிவித்தாள். மண்டபம் எழுந்து நின்று கூச்சலிட்டது. பவுன் மைக்கை வாங்கி, "பிள்ளைகளே, ஒரு விஷயம் கேளுங்கள்" என்று இந்தியில்தான் தொடங்கினாள். அடுத்த வார்த்தையைச் சொல்ல விடவில்லை. "தம்ரி! தம்ரி!" என்று மேசையைத் தட்டினார்கள். ராணி தம்ரியில்தான் பேச வேண்டும் என்றாள் ரீனா, ஸ்ரீவத்சன் மொழிபெயர்ப்பானாம். இவனுக்கு அந்தப் பாஷை அத்துப்படி என்று மண்டபமே அவனைப் பார்த்துக் கைதட்டியது.

சரி, எந்தப் பாஷையில் சொன்னால் என்ன, சொன்னால் போதும் என்று பவுன் தமிழில் பேசினாள். கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது.

"நான் ராணியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. தேகு ரோட்டுப் பவுனு. சுடலமுத்து எம் மவன். பால்குடி மறக்காத புள்ளயப் பறிகொடுத்தவ நான். அன்னைக்கு நடிக்கல, அழுதேன். அவன் பேரச் சொல்லிக் குடிக்காதிய. நாய்க்கு வைக்காதிய. ஒங்க கால்ல வேணாலும் விழுதேன், அந்தப் பேர விட்டுருங்க."

கையெடுத்துக் கும்பிட்டாள். எல்லாருடைய பார்வையும் ஸ்ரீவத்சன் மேல் போயிற்று. அவன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஒரு நிமிஷம் பவுனைப் பார்த்தான், பிறகு கூட்டத்தைப் பார்த்தான். அத்தனை பச்சை முகங்களும் ஆவலாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

"ராணி சொல்கிறார்," என்றான் இந்தியில், "நீங்கள் எல்லாரும் என் பிள்ளைகள். சுட்லாமுட்டூ என்ற முழக்கம் என்றைக்கும் ஓயக் கூடாது!"

மண்டபம் இடிந்து விழுவதுபோல் சத்தம். இந்தியிலேயே காய்கறி வாங்கி, இந்தியிலேயே சண்டை போட்டு முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் குப்பை கொட்டியவள் பவுன். அவள் காதில் ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமாக விழுந்தது. தெரியாதவன் செய்தால் அறியாமை. தெரிந்தவன், தன் பாஷைக்காரன், காரில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவன் செய்தால் அதற்கு என்ன பெயர்? உடம்பில் இருந்த கசப்பெல்லாம் திரண்டு வாய்க்கு வந்தது. இரண்டு எட்டு நடந்து அவன் முன்னால் போய் நின்று, முகத்தில் துப்பினாள்.

"த்தூ!"

மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோயிற்று. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருத்தன் பரவசமாகக் கத்தினான்: "த்தூ!" அடுத்த மேசை வாங்கிக்கொண்டது. "த்தூ! த்தூ!" ரீனா குதித்தாள். தம்ரியில் புது வார்த்தை, இத்தனை வருஷத்தில் ராணியே நேரில் தந்த முதல் வார்த்தை, என்ன அர்த்தம், என்ன அர்த்தம் என்று ஸ்ரீவத்சனைப் பிடித்து உலுக்கினாள்.

கன்னத்தைத் துடைத்துக்கொண்டே, "ஆசீர்வாதம்" என்றான் அவன்.

அவ்வளவுதான். கிளாசை முட்டி "த்தூ!" என்றார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டு "த்தூ!" என்றார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் சாரல் தெறிக்கச் சிரித்தார்கள். பவுன் மேடையிலிருந்து இறங்கி நடந்தபோது தொந்திக்காரன் ஒருவன் வழியில் மண்டியிட்டு, கொம்பு வைத்த தலையை நீட்டினான். கேட்டவனுக்கு இல்லை என்பானேன் என்று அவனுக்கும் ஒன்று கொடுத்துவிட்டுப் போனாள்.

யாரும் அவளைக் கொண்டுவிட வரவில்லை. ஓட்டல் வாசலில் நின்றுதான் அவள் அதைக் கவனித்தாள். உள்ளே ஒரே வார்த்தையைத்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். புது பொம்மை கிடைத்தால் பழையதைத் தூக்கி எறிகிற ஜாதி அது. நன்றாகக் காது கொடுத்துக் கேட்டாள். அந்த ஒப்பாரிப் பாட்டை யாரும் போடவில்லை. அவள் மகன் பெயரை ஒரு வாயும் சொல்லவில்லை.

எந்தப் பயலாவது மறுபடி ஆரம்பிக்கிறானா என்று நின்றே கேட்டாள். இல்லை. துப்பட்டும், நாள் முழுக்கத் துப்பட்டும். ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஏறி, ஒரு ஓரமாக நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

"வாலே சுடலமுத்து, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

தன்னிடம்தான் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து ஆட்டோக்காரன் வண்டியைக் கிளப்பினான்.