புதுசு அக்காவின் ஏழு உருப்படிகள்

எங்கள் துணிக்கடையில் பெண்கள் பிரிவைப் பார்த்துக்கொள்பவளை நாங்கள் ‘புதுசு அக்கா’ என்றுதான் கூப்பிடுவோம். நேற்று உடுத்தி வந்ததை அவள் இன்றும் உடுத்தி வந்து இந்த நான்கு வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. அவளுக்கும் எனக்கும் சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். எனக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. அவளுக்கோ கல்லூரியில் படிக்கும் மகள், முதுகுவலியால் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்ட கணவர். இவளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று என் வயிறு எரிந்ததை மறைக்கப் போவதில்லை. பில் மேஜையில் உட்கார்ந்ததும் அவளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை அளந்துவிட்டுத்தான் முதல் பில்லையே போடுவேன்.

இன்னொன்றும் என் கண்ணை உறுத்தியது. தினமும் கடை திறப்பதற்கு முன்பே அவள் ஒரு துணிப்பையோடு டிரையல் ரூமுக்குள் போவாள். பத்து நிமிஷம் கழித்து வேறு ஆளாக வெளியே வருவாள். கேட்டால், “வீட்டுல இருக்கறது இடுப்பு வரைக்கும் தெரியற கண்ணாடிடீ. கீழ எப்படி இருக்குன்னு இங்க வந்துதான் பாக்கணும்” என்பாள். காதில் பூச்சுற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் சரக்கு சரிபார்த்தோம். நான் அலமாரி அலமாரியாகப் படிக்க, முதலாளி டிக் போட்டார். பெண்கள் பிரிவில் ஐந்து உருப்படிகள் குறைந்தன. மஞ்சள் கவுன் ஒன்று, பூப்போட்ட சட்டை இரண்டு, நீலப் பாவாடை ஒன்று, வெள்ளைக் கோட்டு ஒன்று. முதலாளி முகம் சிவந்துவிட்டது. “யாரு வேலை இது?” என்றார்.

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் இருக்கவில்லை. டிரையல் ரூம் விஷயத்தைச் சொன்னேன். அதோடு நிறுத்தினேனா? பின்வாசலில் நாங்கள் வரும்போதும் கிளம்பும்போதும் படம் எடுக்கிற வருகைக் கருவியையும் நானே ஞாபகப்படுத்தினேன். முதலாளி கணினியில் அவள் கிளம்பும்போது எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு மூச்சு வாங்கியது.

“ஒரு வருஷப் படம் பார்த்துட்டேன். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்லையேம்மா! நான் முதலாளி, எனக்கே இவ்வளவு துணி இல்லை!”

மறுநாள் காலை அவளைத் தன் கண்ணாடித் தடுப்பு அறைக்குக் கூப்பிட்டார். முதலாளியம்மாவும் வந்திருந்தார். சாட்சிக்கு என்று என்னையும் ஓரமாக நிறுத்தினார்கள்.

“நேராவே கேக்கறேன். கடைத் துணியைத்தான் கட்டிக்கிட்டு வர்றியா? ஆமான்னா இப்பவே சொல்லிட்டுப் போயிடு. போலீஸ் கீலீஸ்னு போக மாட்டேன்.”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. டிரையல் ரூமுக்குப் போய்ப் பையை எடுத்து வந்து மேஜைமேல் கவிழ்த்தாள். ஒரு கறுப்பு பேன்ட், ஒரு கவுன், ஒரு சட்டை, ஒரு சால்வை. உடம்பில் இருந்தது ஒரு சாம்பல் பாவாடை, ஒரு வெள்ளைச் சட்டை, மேலே ஒரு கோட்டு.

“ஏழு. என்கிட்ட இருக்கறது இவ்வளவுதான் முதலாளி. வீட்டுல வந்து பீரோவைத் திறந்து பாருங்க. மத்தது எல்லாம் மகளோடது.”

“ஏழா? யாருகிட்ட கதை விடறே? இதோ இந்தப் படம், இது என்ன? ஊதாப் பாவாடை!”

அவள் பாவாடையின் ஓரத்தைப் புரட்டிக் காட்டினாள். உள் துணி ஊதா. முதலாளி அடுத்த படத்தைக் காட்டினார். சட்டையை முன்பின்னாகப் போட்டால் பொத்தான் முதுகில் வரும் என்றாள். அதற்கடுத்த படத்துக்குக் கவுன்மேல் சட்டையை மாட்டிக் காட்டினாள், கவுன் பாவாடையாகிவிட்டது. சால்வை இடுப்பில் பட்டையானது, கழுத்தில் காலரானது, தோளில் ஒரு முடிச்சு விழுந்ததும் மேல்சட்டையே ஆனது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நான்கு வருஷமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் நான். ஏழே ஏழு துணி! ஒருநாள்கூட எனக்குத் தெரியவில்லை.

நான்கு பீரோ நிறையத் துணி வைத்திருக்கும் முதலாளியம்மா எழுந்தே நின்றுவிட்டார். “அந்த முடிச்சு... அதை எப்படிம்மா போட்டே?”

“நீ சும்மா இரு” என்றார் முதலாளி. குரலில் பழைய வேகம் இல்லை. “ஏம்மா, எதுக்கு இவ்வளவு பாடு?”

“வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு நீங்கதானே சொன்னீங்க, ஒரே துணியில வந்து நின்னா துணிக்கடைக்கு அழகில்லைன்னு? மகள் படிப்பு முடியற வரைக்கும் எனக்குன்னு ஒரு துணி வாங்க வழியில்ல. வேலையையும் விட முடியாது.”

முதலாளி திருதிருவென்று விழித்தார். ஆனாலும் விடவில்லை. “சரி, இதெல்லாம் உன்னோடதுதான். அப்போ அந்த அஞ்சு எங்க? அதுக்குப் பதில் இல்லாம உன்னை எப்படி வேலையில வச்சுக்கறது?”

அவள் கோட்டைக் கழற்றினாள். “இதையும் பாத்துக்கங்க. என்கிட்ட வேற எதுவும் இல்ல.” முதுகுப்புறம் சட்டையை மடித்து, கொடியில் துணி மாட்டும் கிளிப் நான்கு வரிசையாகப் போட்டிருந்தாள். “லூசான சட்டை. இப்படிப் பிடிச்சா முன்பக்கம் அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும், பின்னாடி கோட்டு மறைச்சிடும். நம்ம கடை பொம்மைங்களைப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்.”

பொம்மை என்றதும் கண்ணாடிக்கு அப்பால் என் கண் தானாகப் போனது. தெருவைப் பார்த்தபடி முகப்பில் நிற்கும் பொம்மைகளின் முதுகு தெரிந்தது. முதுகு நெடுக கிளிப். முதல் பொம்மைமேல் மஞ்சள் கவுன்.

பொம்மைகளுக்கு உடுத்திவிடுவது என் வேலை. சரக்கு சரிபார்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பு நான்தான் அலமாரியிலிருந்து எடுத்து மாட்டிவிட்டேன். எங்கேயும் எழுதி வைக்கவில்லை. சரிபார்த்த அன்று அலமாரிகளைத்தான் படித்தேன். பொம்மைகள் என் நினைவிலேயே இல்லை. பின்வாசல் வழியாக வந்து போகிற முதலாளிக்கும் தெரியவில்லை.

ஐயோ, பேசாமல் இருந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதுதான் எனக்கு அன்றைய பெரிய அதிர்ச்சி.

“முதலாளி, அஞ்சும் பொம்மைங்க மேல இருக்கு. நான்தான் மாட்டினேன். மறந்துட்டேன்.”

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். முதலாளியிடம் தன்னைப் பற்றிச் சொன்னது யார் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மேஜைமேல் இருந்த துணிகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். முதலாளி என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவளிடம் மன்னிப்பும் கேட்டார், கூடவே, “இந்த வித்தையை வாடிக்கையாளருங்ககிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா, கடையை மூட வேண்டியதுதான்” என்றும் சொன்னார். வேலை அவளுக்குத் தங்கிவிட்டது.

மறுநாள் நான் சீக்கிரமே வந்து டிரையல் ரூம் வாசலில் காத்து நின்றேன். அவள் அந்தப் பக்கமே வரவில்லை. கையில் பையும் இல்லை. நேற்று உடுத்தியிருந்த அதே சாம்பல் பாவாடை, அதே வெள்ளைச் சட்டை. சட்டை தொளதொளவென்று தொங்கியது.

“அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. ஏன் இப்படி வந்திருக்கீங்க?”

“எல்லாருக்கும்தான் தெரிஞ்சு போச்சே. இனிமே எதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி எழுந்திருக்கணும்? கொஞ்சம் தூங்கலாம்னு பாத்தேன்.”

பதினொரு மணிக்கு முதலாளியம்மா ஒரு பட்டுச் சால்வையோடு ஆசை ஆசையாக வந்தார். “அந்த முடிச்சைக் கொஞ்சம் சொல்லிக் குடும்மா.”

புதுசு அக்கா சால்வையை வாங்கி, நாலாக மடித்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

“மறந்துபோச்சும்மா” என்றாள்.