போல்ட்டின் காதில் ஒரு கோடு

என் கையெழுத்தும் பிழைகளும் உங்களைச் சிரமப்படுத்தும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெஹியோவிட்ட பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஃபெக்டரியில் மெஷின்களைப் பழுது பார்க்கிறேன். அதே தோட்டத்தில் வாச்சராக இருக்கும் என் அக்கா புருஷன், பன்றி சுடும் ரைஃபிளைக் கொண்டுவந்தார். சுட்டதும், தோட்டாவைத் தள்ளி அடைக்கும் போல்ட் இறுகிக்கொள்கிறதாம். அன்று மாலையே அவர் காவலுக்குப் போக வேண்டும்.

போல்ட்டைக் கழற்றினேன். அதன் முனையில் வெடியின் வேகத்தைத் தாங்கும் இரண்டு காதுகளில் ஒன்று தேய்ந்து பளபளத்தது. அதன் அடிப்பாகம் எனக்குச் சரியாகப் படவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தேன். மேலே தூவச் சுண்ணாம்புத்தூள் இல்லாததால், சாமிப் படத்தடியில் இருந்த திருநீற்றை எடுத்துத் தூவினேன்.

“என்னா மாப்புள, துப்பாக்கிக்கும் பூசையா?” என்று சிரித்தார்.

விரிசலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, திருநீற்றில் மயிரிழை போல ஒரு கோடு காதைச் சுற்றி வந்தது. அவர் சிரிப்பு நின்றது.

“இன்னைக்கு மட்டும் சுட்டுக்கிறேனே. தொரை ஏசுவாரு.”

“காது ஒடஞ்சா போல்ட்டு ஒங்க மூஞ்சிக்குத்தான் வரும் மச்சான். அக்காவுக்கு நான் என்னா சொல்றது?”

போல்ட்டைச் சாரத்து மடியில் முடிந்துகொண்டு, ரைஃபிளை மட்டும் நீட்டினேன்.

“பன்னி வந்தா?”

“தகரத்தத் தட்டுங்க.”

இதை எழுதியது, இந்த வருடத் தைப்பூசத்துக்கு மறுநாள்.