கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே

யாராவது பேச ஆரம்பித்தால் நொடியக்காவின் ஆள்காட்டி விரல் மேசையில் ஒரு தட்டுத் தட்டும். பேசி முடித்தால் இன்னொரு தட்டு. முதலாளி திட்டினாலும் சரி, டீ கொண்டுவருபவர் சில்லறை கேட்டாலும் சரி, தட்டு தவறாது. புதிதாகப் பார்க்கிறவர்கள் தங்கள் பேச்சு அவருக்கு அலுத்துவிட்டதென்று நினைத்துப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அதற்கும் ஒரு தட்டு விழும். "தப்பா எடுத்துக்காதீங்க. வேலை எது, வெறும் பேச்சு எதுன்னு இந்த விரலுக்குத் தெரியல" என்பார்.

நொடியக்கா என்பது எங்கள் அலுவலகம் அவருக்கு வைத்த பெயர். காது கேளாதவர்களும் படம் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சப்டைட்டில் செய்கிறோம். நடிகர்கள் பேசுவதைக் கேட்டு எழுதுகிறவன் நான். பேச்சு தொடங்கும்போது ஒரு தட்டு, முடியும்போது ஒரு தட்டு என்று விசையைத் தட்டி, எழுதியதைப் பேச்சோடு சேர்ந்து திரையில் தோன்றவும் மறையவும் வைப்பவர் அவர். ஒவ்வொரு வரிக்கும் மேலே அது எப்போது வரவேண்டும், எப்போது போகவேண்டும் என்று எண்கள் இருக்கும். நான் வரிகளைப் படிப்பேன். அவர் எண்களைத்தான் படிப்பார், படித்துவிட்டுச் சிரிக்கவும் செய்வார்.

வரிகளெல்லாம் அவருக்கு ஆட்கள். பேச்சு முடிந்தபிறகு ஆடி அசைந்து வருகிறவன் தூங்குமூஞ்சி. பேசுவதற்கு முன்பே வந்து நிற்கிறவன் முந்திரிக்கொட்டை. "இவனுக்கு என்ன அவசரம்? அந்தம்மா இன்னும் வாயே திறக்கல" என்று தனியாகத் திட்டிக்கொண்டிருப்பார். பக்கத்தில் டீ ஆறி ஏடு படிந்து கிடக்கும். தன் வேலையைப் பற்றிய அடக்கமெல்லாம் கிடையாது. "நீங்க எழுதுறது எழுத்து. நான் தொட்டாத்தான் அது சிரிப்பு" என்று என் முகத்துக்கு நேரே சொல்வார். எனக்குக் கோபம் வரும். நிஜம் என்பதால் கூடுதலாக வரும்.

அவருடைய அண்ணன் ஒரு மெக்கானிக். சிறு வயதிலிருந்தே காது கேட்காது. சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு ஒரு படத்துக்குப் போயிருக்கிறார்கள். சப்டைட்டில் மிகவும் பிந்தி வந்தது. தியேட்டர் சிரித்து ஓய்ந்து, திரையில் சாவு வீடு வந்த நேரத்தில் அவர் மட்டும் பலமாகச் சிரித்தார். முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு அவர் தியேட்டர் வாசலை மிதிக்கவில்லை.

போன வாரம் நாங்கள் செய்த நகைச்சுவைப் படம் ஒன்று சப்டைட்டிலோடு தியேட்டரில் ஓட இருந்தது. அண்ணனைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தார் நொடியக்கா. "இந்தத் தடவயும் அசிங்கப்பட்டா இனிமே கூப்பிடாதேன்னு கைய ஆட்டி ஆட்டிச் சொல்லிட்டார்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விரல் மட்டும் மேசையை விடவில்லை.

படம் மாலைக் காட்சி. காலையில் சப்டைட்டில் கோப்பைத் திறந்தால் கந்தல். இடையில் யாரோ வேறொரு மென்பொருளில் திறந்து சேமித்திருக்கிறார்கள். எண்களில் கால்புள்ளி இருந்த இடத்தில் எல்லாம் புள்ளி; அப்படியே விட்டால் தியேட்டர் கருவி அதைப் படிக்காது. சில வரிகள் தோன்றுவதற்கு முன்பே மறைந்துவிட வேண்டுமாம். போதாக்குறைக்கு, படம் போகப் போக எழுத்து பின்தங்கியது.

முதலாளி எட்டிப் பார்த்தார். "மொத்தத்தையும் கொஞ்சம் முன்னாடி தள்ளி விட்டுடும்மா."

"தள்ளினா தூங்குமூஞ்சி திருந்துவான் சார். ஒழுங்கா இருக்கிறவனெல்லாம் முந்திரிக்கொட்டை ஆயிடுவான்."

புள்ளிகளை ஒரே மூச்சில் கால்புள்ளிகளாக மாற்றினார், தோன்றுமுன் மறைகிற வரிகளைத் திருத்தினார். முதல் வரியையும் கடைசி வரியையும் பேச்சோடு பொருத்திவிட்டு, நடுவில் இருந்தவற்றைச் சீராக இறுக்கினார். பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு முழுப் படத்தையும் பார்த்தார். பீரோ காட்சியில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டார்.

மாமியாருக்குப் பயந்து ஒருவன் பீரோவுக்குள் ஒளிந்திருக்கிறான். அது தெரியாமல் பீரோவை வாங்கியவர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள். தூக்குகிறவர்களில் ஒருவன், "என்னடா இந்தக் கனம் கனக்குது?" என்கிறான். சற்று நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல்: "மெதுவா அண்ணே, இடுப்பு வலி." இரண்டும் சின்ன வரிகள்தானே என்று ஒரே நேரத்தில் திரையில் வரும்படி மேலும் கீழுமாக எழுதியிருந்தேன்.

"கேள்வியும் பதிலும் ஒரே வீட்ல குடியிருக்கக் கூடாது எழுத்தாளரே."

"இடம் இருக்கே?"

"இடம் இருக்கு. ஆனா எங்கண்ணன் உங்க பதிலப் படிச்சு முன்னாடியே சிரிச்சிடுவார். பீரோவுக்கு வாய் இல்ல, உதட்டப் பாத்தும் புரிஞ்சுக்க முடியாது. அவருக்கு இந்த வரி ஒண்ணுதான் குரல்."

இரண்டையும் தனித்தனி வரியாகப் பிரித்துக் கொடுத்தேன். அந்தக் குரலை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டி, மயிரிழை முன்னே, மயிரிழை பின்னே என்று நகர்த்திக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டை மறந்தே போனார்.

மாலையில் தியேட்டரில் அண்ணனும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான் அடுத்த நாற்காலியில். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, எந்த நேரமும் எழுந்துபோகத் தயாரானவர்போல நுனியில் இருந்தார். போகப் போகச் சாய்ந்து உட்கார்ந்து, கையை நடுவிலிருந்த கைப்பிடியில் போட்டார். நொடியக்கா திரையைப் பார்க்கவே இல்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு, அதே கைப்பிடியில் ஒவ்வொரு வரிக்கும் தட்டிக்கொண்டிருந்தார்.

பீரோ வந்தது. கேள்வி வந்தது, மறைந்தது. கொஞ்ச நேரம் திரை காலியாக இருந்தது. பிறகு பதில்.

தியேட்டர் குலுங்கியது. அதற்கு நடுவில், முந்தாமல் பிந்தாமல், மெக்கானிக்கின் பெரிய சிரிப்பு. முன்வரிசையில் ஒருவரும் திரும்பவில்லை. அவர்களுக்கு அவரவர் வயிற்றைப் பிடித்துக்கொள்ளவே நேரம் போதவில்லை.

நொடியக்காவின் விரல் அடுத்த வரிக்காக உயர்ந்தது. அண்ணன் சிரிப்பை நிறுத்தாமல், திரையிலிருந்து கண்ணையும் எடுக்காமல், அந்த விரலை எட்டிப் பிடித்துத் தன் கைக்குள் மூடிக்கொண்டார்.