தொடாமல் படிக்கும் தோல் நோய்

இன்று காலை ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் நாங்கள் மூவரும் கூடி, பயிற்சிக்கு வரும் மாணவர்கள் தோல் நோயில் எதைக் கட்டாயம் கற்க வேண்டும் என்று பேசினோம்.

"தேமலைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்றேன். மற்ற இருவரும் தலையாட்டி, அதையே தீர்மானமாக எழுதினார்கள்.

மதியம், பட்டு நூல் சுற்றும் பெண் ஒருத்தி கையில் வெளுத்த தேமலோடு வந்தாள்.

தொட்டுப் பார்க்கச் சொன்னதும், பயிற்சிக்கு வந்திருந்த சின்னக் காஞ்சிபுரத்து மாணவன் பின்வாங்கினான். "எங்காத்துல கோயில் கைங்கரியம் சார். தொட்டா தீர்த்தமாடணும்."

"தள்ளி நின்னே சொல்லுப்பா" என்று சிரித்தார் பெரிய டாக்டர்.

அவள் முந்தானையால் கையை மூடிக்கொண்டாள். "அவுரு தொட்டாலும் எனக்குத் தெரியாது சாமி. அந்த எடம் மரத்துப்போய்க் கெடக்குது."

நான்தான் தொட்டுப் பார்த்தேன். குஷ்டம்.

சாயங்காலம் எங்கள் தீர்மானத்தில் 'தொட்டு' என்பதை அடித்துவிட்டார்கள்.

தொடாமலே தோல் நோய் கற்பிக்க வழி தெரிந்த நண்பர்கள் எழுதுங்கள். அவளுக்கும் சொல்லி அனுப்புகிறேன்.